கணிதத்தில் மனம் தோய்ந்த பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

ஆண்டுதோறும் மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. யார் வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண் என்பது அன்று மாலைக்குள் தெரு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. மறுநாள் ஆலோசனை தொடங்குகிறது. வளைகுடாவில் இருக்கும் வாப்பா தொலைபேசியில் விசாரிக்கிறார். பெரிய வாப்பா ஒரு பொறியியல் கல்லூரியின் பெயரைச் சொல்கிறார். மாமா அதைவிடப் பெரிய கல்லூரி ஒன்றின் பெயரைச் சொல்கிறார். பிள்ளையோ கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறான். "கணக்கில் நூறு வாங்கியவன் எஞ்சினீயர் ஆகாமல் வேறென்ன ஆவான்?" என்ற ஒரே கேள்வியில், ஒரு வாரத்திற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இந்த ஆலோசனை அக்கறையோடுதான் நடக்கிறது. ஆனால், அது நடக்கும் காலம்தான் பிந்திவிடுகிறது. கணிதத்தையே தம் படிப்பாகக் கொள்ளத்தக்க பிள்ளைகளுக்கென்று நம் நாட்டில் சில அருமையான கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை போடுவதில்லை. தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. அத்தேர்வுகளுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே முடிந்துவிடும். நாம் மே மாதத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கும்போது அந்த வாசல்கள் சாத்தப்பட்டிருக்கும். அப்படி ஒரு வாசல் இருந்தது என்பதே அப்பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரியாமல் போகிறது.

பொறியியல் படிப்பைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. இயந்திரத்திலும் கட்டடத்திலும் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அதுவே பொருத்தமான படிப்பு. கணிதத்திலேயே மனம் தோய்ந்த பிள்ளைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதையே கொடுப்பதுதான் பொருந்தாத செயல். ஆகவே இந்தப் பேச்சு, பிள்ளை பத்தாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ இருக்கும்போதே வீட்டில் தொடங்க வேண்டும்.

மதிப்பெண் வேறு, கணித மனம் வேறு

நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகள் எல்லோருமே கணிதத்துக்கென்று பிறந்தவர்கள் அல்லர். பாடநூலில் உள்ள கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒரு பிழையும் விடாமல் எழுதும் பயிற்சியாலும் நூறு கிடைக்கும். அதே வேளையில், எண்பத்தைந்து வாங்கும் ஒரு பிள்ளையிடம் மெய்யான கணித மனம் இருக்கக்கூடும். ஒரே மாதிரிக் கணக்கை இருபது முறை போடச் சொன்னால் அப்பிள்ளைக்குச் சலிப்புத் தட்டிவிடுகிறது. மதிப்பெண் அங்கேதான் குறைகிறது.

இதை வீட்டிலேயே அறிந்துகொள்ளலாம். நம் குடும்பங்களில் வழங்கும் பாகப்பிரிவினைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் காலமாகிவிட்டார். அவருக்கு மனைவி, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. தாய்க்கு ஆறில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. சொத்தை 120 பங்குகளாக்கினால் மனைவிக்கு 15, தாய்க்கு 20, மகன்களுக்கு ஆளுக்கு 34, மகளுக்கு 17 என்று பின்னமில்லாமல் பிரிந்துவிடும்.

இந்த விடையைச் சரிபார்த்துவிட்டு எழுந்துபோகும் பிள்ளை நல்ல மாணவன். "ஏன் 120? அதைவிடச் சிறிய எண் போதாதா?" என்று கேட்கிற பிள்ளை வேறு வகையைச் சேர்ந்தவன். மூன்று மகன்கள் இருந்தால் என்னவாகும் என்று தானாகவே போட்டுப் பார்த்து, 168 பங்குகள் வேண்டும் என்று கண்டுபிடிப்பான். அங்கேயும் மகளின் பங்கு 17 ஆகவே இருப்பதைக் கண்டு வியப்பான். மனைவிக்கும் தாய்க்கும் கொடுத்தது போக 24இல் 17 எஞ்சுகிறது, அந்தப் 17 தான் இரண்டு கணக்கிலும் தலைகாட்டுகிறது என்று விளங்கும்வரை அவனுக்கு உறக்கம் வராது. ஒரு கணக்கை இரண்டு நாள் மனத்தில் சுமந்து திரிவது, ஆசிரியர் சொன்ன வழியை விட்டு வேறு வழி தேடுவது, விடை கிடைத்த பின்பும் "ஏன்?" என்று கேட்பது ஆகிய மூன்றும்தான் கணித மனத்தின் அடையாளங்கள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, அல்ஜீப்ரா என்னும் சொல்லுக்கே மூலமான தம் நூலில், பெரும்பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார் என்பதை இங்கே நினைவுகூரலாம். வீட்டுக் கணக்கில் கிளம்பிய கேள்விகளிலிருந்தும் ஒரு பெரும் கலை வளர முடியும் என்பதற்கு அவரே சான்று.

இடம் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்?

கும்பகோணத்து இராமானுஜனின் வரலாற்றை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அவ்வரலாற்றில் பெற்றோர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணிக்குச் சேர்ந்தார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற பிறகே அவருக்குரிய இடம் கிடைத்தது. கணித மேதைக்கு ஏற்ற கல்லூரி அன்று இந்த மண்ணில் இல்லை. இன்று இருக்கிறது, அதைத் தேடிச் செல்வோர்தாம் நம்மிடையே குறைவு.

பொருத்தமான இடமும் ஆசிரியரும் அமைந்தால் என்ன நிகழும் என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்த பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல்ஸ் ராசீன், திறமையுள்ள மாணவர்களை இனங்கண்டு பம்பாயில் உள்ள டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். அவ்வாறு சென்றவர்களுள் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்திரியும் உலகப் புகழ் பெற்ற கணித அறிஞர்களானார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர். சீனிவாச வரதன், கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆய்வு செய்து, பின்னாளில் 2007ஆம் ஆண்டுக்கான ஆபெல் பரிசைப் பெற்றார். இவர்கள் எல்லோரும் சாதாரணப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களே.

எந்தெந்த நிறுவனங்கள்?

சென்னைக்கு அருகே சிறுசேரியில் இருப்பது சென்னைக் கணிதவியல் நிறுவனம். சி.எம்.ஐ. என்று சுருக்கமாக அழைப்பார்கள். மேலே சொன்ன சேஷாத்திரி 1989இல் தொடங்கியது. இளநிலைப் படிப்பு 1998 முதல் நடைபெறுகிறது. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பட்டப்படிப்பு ஒன்று, கணிதமும் இயற்பியலும் சேர்ந்தது ஒன்று என இரு பிரிவுகள் உள்ளன. ஆராய்ச்சியாளர்களே முதலாண்டு மாணவர்களுக்கும் பாடம் நடத்துவது இதன் தனிச் சிறப்பு. வகுப்புகள் சிறியவை, ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டி ஐயம் கேட்கலாம்.

அடுத்தது இந்தியப் புள்ளியியல் நிறுவனம், அதாவது ஐ.எஸ்.ஐ. பேராசிரியர் மஹலநோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் நிறுவினார். 1959இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. புள்ளியியல் இளநிலைப் படிப்பான பி.ஸ்டாட். கொல்கத்தாவிலும், கணித இளநிலைப் படிப்பான பி.மேத். பெங்களூரிலும் நடைபெறுகின்றன.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2011 முதல் நான்காண்டு இளநிலை ஆராய்ச்சிப் படிப்பை நடத்திவருகிறது. முதலில் அறிவியல் பாடங்கள் அனைத்தையும் படித்து, பின்னர்க் கணிதத்தைச் சிறப்புப் பாடமாகத் தேர்ந்துகொள்ளலாம். ஐசர் என்று வழங்கப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏழு. புனேயிலும் கொல்கத்தாவிலும் 2006இல் தொடங்கியவை அவற்றுள் மூத்தவை. நமக்கு அருகில் இருப்பவை திருவனந்தபுரமும் திருப்பதியும். இங்கே ஐந்தாண்டுகளில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த பட்டம் பெறலாம்.

இவற்றுள் எதைத் தேர்வது? வேறு எதுவும் வேண்டாம், கணிதமே வேண்டும் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்குச் சி.எம்.ஐ.யும் ஐ.எஸ்.ஐ.யும் ஏற்றவை. கணிதத்தோடு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றிலும் ஆர்வம் உண்டு, இன்னும் முடிவு செய்யவில்லை என்னும் பிள்ளைக்கு அறிவியல் கழகமும் ஐசரும் பொருந்தும். நடைமுறைப் பயன்பாடு, தகவல் ஆய்வு ஆகியவற்றில் நாட்டமுள்ள பிள்ளை புள்ளியியலை முதலில் நினைக்கலாம்.

தேர்வின் தன்மை

சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ. ஆகியவற்றின் தேர்வுகள் வழக்கமாக மே மாதத்தில் நடைபெறும். இரண்டிலும் ஒரு பகுதி சரியான விடையைக் குறிக்கும் வகை. மற்றொரு பகுதி விரிவாக எழுதி நிறுவும் வகை. நம் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இரண்டாம் பகுதியில்தான். அது எப்படிப்பட்டது என்பதற்கு எளிய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம்.

"1 முதல் 100 வரையுள்ள எண்களில் எவையேனும் 51 எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் அடுத்தடுத்து வரும் இரண்டு எண்கள் இருந்தே தீரும் என்று நிறுவுக."

இதற்கு எந்தச் சூத்திரமும் உதவாது. 51 எண்களை எத்தனை விதமாக எடுத்துப் பார்த்தாலும் நிரூபணம் ஆகாது. நூறு எண்களையும் 1, 2 ஒரு சோடி, 3, 4 ஒரு சோடி, இப்படியே 99, 100 ஒரு சோடி என்று ஐம்பது சோடிகளாக்க வேண்டும். ஐம்பது சோடிகளிலிருந்து 51 எண்களை எடுத்தால், ஏதேனும் ஒரு சோடியிலிருந்து இரண்டு எண்களும் வந்துவிடும். அவையே அடுத்தடுத்த எண்கள். இவ்வளவுதான் விடை. பிளஸ் டூ பாடத்தைவிடக் கடினமான எதுவும் இதில் இல்லை. ஆனால், சிந்திக்கப் பழகாத பிள்ளைக்கு இது மலை. பழகிய பிள்ளைக்கு விளையாட்டு.

ஐசர் தேர்வு வேறு வகை. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய நான்கு பாடங்களிலும் மூன்று மணி நேரத்தில் விடை குறிக்க வேண்டும். இந்திய அறிவியல் கழகம், பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ., ஐசர் தேர்வு ஆகியவற்றின் தரவரிசையைக் கொண்டு மாணவரைச் சேர்க்கிறது.

வகுப்பு வாரியாக ஆயத்தம்

எட்டாம் வகுப்பு முதலே கணித ஒலிம்பியாட் பக்கம் பிள்ளையைத் திருப்பலாம். இதன் முதற்கட்டமான ஐ.ஓ.க்யூ.எம். தேர்வு வழக்கமாகச் செப்டம்பர் மாதத்தில் நடைபெறுகிறது. அதில் தேறுவோர் மண்டலத் தேர்வுக்கும், அதிலிருந்து ஜனவரியில் தேசியத் தேர்வுக்கும் செல்வர். முதற்கட்டத்தில் தேறாவிட்டாலும் நட்டமில்லை. அந்த வினாக்களோடு மல்லுக்கட்டிய பழக்கம் ஒன்றே பின்னாளில் கைகொடுக்கும். தேசிய நிலையை எட்டுவோருக்குச் சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ. சேர்க்கையில் தனிச் சலுகைகளும் உண்டு. சென்னையில் 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கமும் மாணவர்களுக்குத் திறனறி தேர்வுகள் நடத்திவருகிறது.

பத்தாம் வகுப்பு முடிந்து பிரிவைத் தேரும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கணிதம் உள்ள அறிவியல் பிரிவையே எடுக்க வேண்டும். வணிகவியல் பிரிவில் வரும் வணிகக் கணிதத்தைப் பல நிறுவனங்கள் கணிதத்திற்கு ஈடாகக் கொள்வதில்லை. இந்த ஒரு தவறு, இரண்டாண்டு கழித்துத் திருத்த முடியாததாகிவிடும்.

பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கும் வழக்கம் சில பள்ளிகளில் உண்டு. நுழைவுத் தேர்வு வினாக்களில் பெரும்பகுதி பதினொன்றாம் வகுப்பிலேயே வேர்கொண்டிருக்கிறது. எண்ணியல், சேர்மானங்கள், தொடர்கள், முக்கோணவியல், பகுமுறை வடிவியல் ஆகியவற்றைப் பள்ளி விட்டாலும் வீட்டில் விடாதிருக்க வேண்டும்.

நூல்கள் நிறைய வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஐ. தேர்வுக்கென்றே தொகுக்கப்பட்ட 'டெஸ்ட் ஆஃப் மேதமேட்டிக்ஸ் அட் தி 10+2 லெவல்' ஒன்று. 'சாலஞ்ச் அண்ட் த்ரில் ஆஃப் ப்ரீ காலேஜ் மேதமேட்டிக்ஸ்' மற்றொன்று. இவற்றோடு இரு நிறுவனங்களின் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரத்துக்கு நான்கு கணக்குகள் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் முழு விடையாக, படிப்பவருக்கு ஐயமே எழாதபடி எழுதிப் பழக வேண்டும். விடைக் குறிப்பைப் பார்க்கும் முன் ஒரு நாளேனும் பொறுத்திருக்க வேண்டும். பொறியியல் நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையங்கள் கற்றுத் தருவது வேகம். இங்கே வேண்டுவது பொறுமை.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை. நிரூபணம் எழுதத் தேவையான ஆங்கிலம் மிகக் கொஞ்சம். "எனவே", "எனில்", "ஆனால் மட்டுமே", "என்று கொள்வோம்" போன்ற சில தொடர்களுக்கும் கணிதக் கலைச்சொற்களுக்கும் உரிய ஆங்கிலத்தைப் பதினொன்றாம் வகுப்பிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பழகினால் போதும்.

செலவும் சான்றிதழும்

கல்விக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டுமே என்று தயங்கும் குடும்பங்கள் நம்மில் பல. அந்தத் தயக்கத்தினாலேயே நல்ல படிப்பைக் கைவிட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு நற்செய்தி. ஐ.எஸ்.ஐ.யின் இளநிலை மாணவர்களிடம் கற்பிப்புக் கட்டணம் வாங்காமல், நன்கு படிப்போருக்கு மாதந்தோறும் உதவித்தொகையும் வழங்குவது நீண்ட கால வழக்கம். சி.எம்.ஐ.யில் கட்டணம் உண்டு. ஆயினும் தகுதியும் தேவையும் உள்ளோருக்குக் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் அளிக்கப்படுகின்றன. கட்டண விவரங்களை அந்தந்த ஆண்டின் தகவல் ஏட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சாதாரணத் தனியார் பொறியியல் கல்லூரிக்கு நாம் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எது மலிவு என்பது விளங்கும்.

சான்றிதழ் விஷயத்தில் நம்மவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. அதற்குரிய சாதிச் சான்றிதழ் நம் வீடுகளில் இருக்கும். ஆனால், மத்திய அரசின் நிறுவனங்களான ஐ.எஸ்.ஐ., ஐசர், இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றில் அச்சான்றிதழ் செல்லாது. அங்கே இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 27 விழுக்காடு இடங்கள் உள்ளன. அதற்கு, வசதி மிகுந்த பிரிவினர் அல்லர் என்று குறிப்பிடும் சான்றிதழை, மத்திய அரசின் படிவத்தில், வட்டாட்சியர் அலுவலகம் மூலம் தனியாகப் பெற வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பைப் பிரிவினர் மத்தியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். மற்றப் பிரிவினர் அப்பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. விண்ணப்பம் திறக்கும் முன்பே இது கையில் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் அலுவலகத்துக்கு ஓடினால் வேலை நடக்காது.

ஊர் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் கல்வி உதவி வழங்கும்போது, மருத்துவம், பொறியியல் ஆகியவற்றை மட்டுமே "உயர் படிப்பு" என்று எண்ணுவதை விட வேண்டும். தேர்வெழுத வெளியூர் செல்லும் செலவு, இரண்டு நல்ல நூல்கள், ஒரு பழைய மடிக்கணினி ஆகியவை சிறிய உதவிகளே. அவை ஒரு பிள்ளையின் வாழ்வையே மாற்றக்கூடும்.

பெண் பிள்ளைகள்

கணித மனம் ஆண், பெண் பார்த்து அமைவதில்லை. ஈரானில் 1977இல் பிறந்த மர்யம் மிர்ஸாகானி, பள்ளி மாணவியாக இருக்கும்போதே 1994, 1995 ஆகிய இரு ஆண்டுகளிலும் சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் தங்கம் வென்றார். தெஹ்ரானின் ஷரீப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஹார்வர்டில் ஆய்வு முடித்து, 2014இல் கணிதத்தின் உச்சப் பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 2017இல் நோயினால் காலமானபோது அவருக்கு வயது நாற்பதுதான். அவருடைய வாழ்வில் பெற்றோரும் பள்ளியும் காட்டிய ஆதரவை மறந்துவிட முடியாது.

நம் வீடுகளில் மகளை வெளியூர் அனுப்பும்போது எழும் கவலையை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அதற்கு வழி, கவலையை விசாரணையாக மாற்றுவதே. உம்மாவும் வாப்பாவும் மகளோடு ஒரு நாள் சிறுசேரிக்குப் போய் வரட்டும். விடுதியையும், நூலகத்தையும், படிக்கும் பெண்களையும் நேரில் பார்க்கட்டும். உணவு, தொழுகை, பாதுகாப்பு, ஊருக்கு வந்து போகும் வழி ஆகியவற்றைக் கேட்டறியட்டும். அதற்குப் பிறகு "வேண்டாம்" என்று முடிவானாலும் அது விசாரித்து எடுத்த முடிவாக இருக்கும். பார்க்காமலேயே "வேண்டாம்" என்பதுதான் மகளுக்கு இழைக்கும் அநீதி.

இரண்டாவது வாசல்

நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காவிட்டாலோ, வீட்டை விட்டு அனுப்ப முடியாவிட்டாலோ, கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. மூன்றாண்டு கழித்து இன்னொரு வாசல் திறக்கிறது. அருகில் உள்ள நல்ல கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு, முதுநிலைக்கு மேற்சொன்ன நிறுவனங்களுக்கே செல்லலாம். சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ. ஆகியவை முதுநிலைக்கும் தனித் தேர்வு நடத்துகின்றன. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர 'ஜாம்' என்னும் தேர்வு உண்டு. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராமானுஜன் உயராய்வு நிறுவனம் இருக்கிறது. தரமணியில் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் ஆராய்ச்சிப் படிப்புக்கு வழி செய்கிறது.

1951இல் தொடங்கிய சென்னை புதுக் கல்லூரி, அதே ஆண்டில் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரி, 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1955இல் தொடங்கிய சென்னை நீதிபதி பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரி என்று நம் முன்னோர் கட்டியெழுப்பிய கல்லூரிகள் இருக்கின்றன. அரசுக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே சேரும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கணிதத் துறையில் பாடத்திட்டத்துக்கு வெளியேயும் கணக்குப் போட்டுக் காட்டும் ஆசிரியர் இருக்கிறாரா? நூலகத்தில் கணித நூல்களை மாணவர் கையில் கொடுக்கிறார்களா? கடந்த ஆண்டுகளில் இங்கிருந்து யாரேனும் பெரிய நிறுவனங்களுக்கு முதுநிலை படிக்கச் சென்றிருக்கிறார்களா? மூன்றில் இரண்டுக்கு "ஆம்" என்றால் அது நல்ல இடம்.

அங்கே படிக்கும் காலத்தில் எம்.டி.டி.எஸ். என்னும் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க மறக்கலாகாது. பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிவைத்த இப்பயிற்சி, சிறு ஊர்களின் கல்லூரி மாணவர்களுக்குச் சிந்திக்கும் கணிதத்தை அறிமுகப்படுத்துவதற்கென்றே ஏற்பட்டது.

பிழைப்புக்கு வழி?

"எல்லாம் சரி, கணிதம் படித்தால் சோறு கிடைக்குமா?" என்பது பெரியவர்களின் நியாயமான கேள்வி. நேர்மையாகவே விடை சொல்வோம். ஆராய்ச்சி செய்து பேராசிரியராவது நீண்ட வழி; பட்டம், முதுநிலை, முனைவர் ஆய்வு என்று பத்தாண்டுகள் ஓடிவிடும். ஆனால் அந்த வழியில் நடப்பவர் முழுக் காலமும் வீட்டுப் பணத்தில் வாழ்வதில்லை. தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 முதல் முதலிரண்டு ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

எல்லோரும் அவ்வழியே போக வேண்டுமென்பதில்லை. கணினித் துறையில், அதிலும் தகவல் அறிவியல், செயற்கை நுண்ணறிவு, இரகசியக் குறியீட்டியல் ஆகியவற்றில், அடித்தளமாக இருப்பது கணிதமும் புள்ளியியலுமே. புள்ளியியல் படித்தோர் மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதலாம். பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணி எப்போதும் உண்டு. ஒரு நல்ல கணித ஆசிரியர் ஓர் ஊரின் தலைமுறையையே மாற்றிவிடுவார். கணிதம் படித்தவர் பின்னர்க் கணினிக்கோ பொருளாதாரத்துக்கோ மாறுவது எளிது. அங்கிருந்து கணிதத்துக்கு வருவதுதான் கடினம்.

இன்றே செய்ய வேண்டியவை

பிள்ளை எட்டு முதல் பத்துக்குள் படித்தால், இந்தச் செப்டம்பரில் ஒலிம்பியாட் முதற்கட்டத் தேர்வை எழுதச் செய்யுங்கள். பதினொன்றில் படித்தால், இரண்டு நூல்களை வாங்கிக் கொடுத்து, வாரம் நான்கு கணக்குகள் எழுதச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் ஒரு நிறுவனத்தையேனும் நேரில் பார்த்து வாருங்கள். பன்னிரண்டில் படித்தால், ஜனவரிக்குள் மத்தியப் படிவத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்; பிப்ரவரி முதல் வாரந்தோறும் சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ., ஐசர் ஆகியவற்றின் இணையதளங்களைப் பார்த்து, விண்ணப்பம் திறந்த முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க இவை தடையல்ல. அதையும் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, பிள்ளையிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள். "எத்தனை மதிப்பெண் வாங்குவாய்?" என்று நாம் கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்துவிட்டது. "இந்த வாரம் எந்தக் கணக்கு உன்னைத் தூங்கவிடவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்லத் தொடங்கிய பிள்ளை நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனால், அந்தப் பிள்ளைக்கான கல்லூரியை மே மாதம் வரை காத்திராமல், இன்ஷா அல்லாஹ், இன்றே தேடத் தொடங்குங்கள்.